காலி வண்டிக்கு ஒரு பக்கம்

விழுப்புரத்தில் ஒரு நர்சிங் கல்லூரிக்கு இணையதளம் முடித்துக்கொடுத்த கையோடு அன்புச்செல்விக்கு விக்கிரவாண்டி வேலை வந்து சேர்ந்தது. கல்லூரி வேலையில் கிடைத்த நல்ல பேர் இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்தத் தெம்பில் இதையும் அதேபோல் முடித்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவள் வேலை பார்த்தது திண்டிவனத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த சின்ன வெப் டிசைன் ஆபீஸ். முதலாளி சித்தார்த்தனையும் சேர்த்து மொத்தம் நாலு பேர். ஒருவர் பக்கங்களுக்கு வடிவம் வரைவார், ஒருவர் புரோகிராம் எழுதுவார். அந்த இரண்டுக்கும் முன்னால் வருவது அன்புச்செல்வியின் வேலை. ஒரு தளத்துக்குள் என்னென்ன இருக்கப்போகிறது, எது எதோடு சேரும், எதற்கு என்ன பெயர் வைத்தால் வருகிறவர்களுக்குச் சட்டென்று புரியும் என்பதையெல்லாம் அவள்தான் தீர்மானிக்க வேண்டும். முகையூரில் இருக்கும் அவள் அம்மா, மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்குள்ள சாமான் அடுக்கற வேலை" என்று சொல்லிவிடுவார். அன்புச்செல்விக்கு அந்த விளக்கத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

கல்லூரித் தளத்துக்கு ஆறு வாரம் கிடைத்தது. மாணவிகளையும் பெற்றோரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினாள். தொண்ணூறு சீட்டுகளில் ஒவ்வொரு விஷயத்தையும் எழுதி, அவர்கள் கையிலேயே கொடுத்து, சேர வேண்டியதைச் சேர்த்து அடுக்கச் சொன்னாள். பழைய தளத்தில் இருந்த ஒவ்வொரு பக்கத்தையும் பட்டியல் போட்டாள். கடைசியில் நாற்பத்திரண்டு பக்க அறிக்கை கொடுத்தாள். கல்லூரி முதல்வர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தே திருப்தி அடைந்துவிட்டார்.

விக்கிரவாண்டிக்காரர் பெரியசாமி வேறு மாதிரி ஆள். சுங்கச்சாவடியைத் தாண்டி ரோட்டோரத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். லோடு வைத்திருக்கிற கம்பெனிக்கும் காலியாக நிற்கிற லாரிக்கும் நடுவில் போன் பேசிச் சேர்த்துவைப்பது அவர் தொழில். மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எதிர்த்தாப்ல இருக்கறவன் ஆப் விடப் போறானாம்மா. அவன் எனக்கு ஆப்பு வெக்கறதுக்கு முன்னாடி நான் வெப்சைட்டு விட்டாவணும். பத்து நாளு. ஜல்தியா முடிச்சுக் குடுத்துடு."

"பத்து நாள் பத்தாதுங்க ஐயா" என்றாள் அன்புச்செல்வி.

"பத்தும்" என்றார் சித்தார்த்தன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். கல்லூரிக்குச் செய்த அதே வரிசைதான். கேள்வித்தாள் ஒன்று தயாரித்து, பெரியசாமியின் முந்நூறு டிரைவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். இரண்டு நாளில் நாலு பதில் வந்தது. அதில் ஒன்று ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம். நேரில் பேசலாம் என்று போனால், பாதிப் பேச்சில் பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்; பேசிக்கொண்டிருந்தவர் ஏறிப் போய்விட்டார். புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து அன்றைய லோடுகளைப் பட்டியல் எடுத்தாள். காலை பத்து மணிக்கு எழுதியதில் பாதி பன்னிரண்டு மணிக்கு இல்லை. வேறு பத்து புதிதாக வந்திருந்தது. எழுத எழுத அழிந்துகொண்டிருந்த பட்டியலை வைத்துக்கொண்டு என்ன அடுக்குவது?

இப்படியே நாலு நாள் போய்விட்டது.

ஐந்தாம் நாள் காலையில் சித்தார்த்தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். கோபக்காரர் இல்லை அவர். அதனாலேயே அவர் சொல்வதைத் தட்டுவது கஷ்டம்.

"அன்பு, உன் வேலை எனக்குத் தெரியும். ஆனா இது காலேஜ் இல்ல. அவரு கேட்ட மாதிரியே மெனுவப் போட்டுடலாம். முப்பத்தெட்டு மாவட்டம். மாவட்டத்துக்குக் கீழ வண்டி வகை. அதுக்குக் கீழ கம்பெனி பேரு. முடிஞ்சுது."

"அது யாருக்குங்க சார் உதவும்?"

"பெரியசாமிக்கு உதவும். அவருதான் நமக்கு கஸ்டமரு."

அன்புச்செல்விக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் முப்பத்தெட்டு மாவட்டங்களையும் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே போகிற ஒரு லாரிக்காரரை அவளால் கற்பனை செய்ய முடியவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணு கட்டச் சொல்லுங்க சார். வேணாங்கல. எனக்கு ரெண்டு நாள் மட்டும் குடுங்க. நான் வேற ஒரு வழியா பாக்கறேன்."

"எந்த வழி?"

"தெரியல சார். ஆனா இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். இரண்டு நாள் கொடுத்தார்.

அன்று மத்தியானம் விழுப்புரம் பஸ் ஏறியவள் விக்கிரவாண்டியில் இறங்கினாள். கேள்வித்தாள் இல்லை, லேப்டாப்பும் திறக்கவில்லை. பையில் வெறும் இருபது சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு ஊர்ப் பெயர்: ஓசூர், திருப்பூர், சேலம், தூத்துக்குடி, ஈரோடு என்று. லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு பரோட்டா கடைக்குள் போய், சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த ஒருவரிடம் கேட்டாள்.

"அண்ணா, அஞ்சு நிமிஷம். இதுல எது எது ஒண்ணா சேரும்னு நீங்களே பிரிச்சு வையுங்க. சரி தப்புன்னு ஒண்ணும் கெடையாது."

அவர் பெயர் முருகையன். பக்கத்து ஊர்க்காரர். சொந்தமாக ஒரே ஒரு ஈச்சர் லாரி, ஓட்டுவதும் அவரே. சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சீட்டாட்டத்தில் போடுவதுபோல டப் டப்பென்று இரண்டே குவியலாகப் போட்டார். சேலமும் ஓசூரும் ஒரு பக்கம். திருப்பூரும் தூத்துக்குடியும் இன்னொரு பக்கம்.

வடக்கு தெற்கு என்று பிரிப்பார், அல்லது தூரத்தை வைத்துப் பிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்த அன்புச்செல்விக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இது இன்னா கணக்குங்கண்ணா?"

"இது நிக்கிற ஊரு. இது நிக்காத ஊரு" என்றார் முருகையன். "நான் லோடு எறக்கற எடத்தச் சொல்றேன். இந்தப் பக்கம் போனா காலையில போயி மத்தியானம் எறக்கிட்டு வந்துடலாம். அந்தப் பக்கம் போனா குடோன் வாசல்ல ரெண்டு நாளு நிக்க வெச்சுடுவான். வண்டி நின்னா பொழப்பு நின்னுச்சு. தூரம் இன்னாம்மா தூரம்? ஓட்டறது நம்ம கையில இருக்குது. நிக்கறதுதான் பேஜாரு."

மேஜையைச் சுற்றி நின்ற இன்னும் இரண்டு டிரைவர்கள் ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்து இடம் மாற்றிவைத்தார்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதில் அவர்களுக்குள் சண்டை வந்ததே தவிர, குவியல் இரண்டுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"லோடு தேடும்போது இதையெல்லாம் யோசிச்சுக்கினேதான் போன் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள்.

முருகையன் அவளை ஒருமாதிரி பார்த்தார். "நான் எங்கம்மா லோடு தேடறேன்? ஸ்டியரிங்கப் புடிப்பனா, போனப் புடிப்பனா? அதெல்லாம் எங்க வீட்டுல பாத்துக்குது. என்னைக் கேட்டு இன்னா பண்ணப் போற? அதக் கேளு."

அன்புச்செல்வி நாலு நாளாகத் தப்பான ஆட்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் ஏதோ வேகம் பிடித்தது போலவும் இருந்தது. வீடு எங்கே என்று வழி கேட்டுக்கொண்டு அப்போதே கிளம்பினாள்.

முருகையனின் மனைவி வீரம்மாள் வீட்டுக் கூடத்தில் விதைக்காக மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு போன். அன்புச்செல்வி வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு அழைப்பு வந்தது. முதல் அழைப்பில், "ஓசூர்ல நாளைக்குக் காலையில வண்டி காலியாவும், விழுப்புரம் பக்கம் எதுனா இருந்தாச் சொல்லுங்க" என்றார். இரண்டாவது அழைப்பை எடுக்கவே இல்லை. திரையைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"ஏங்கக்கா எடுக்கல?"

"பேரப் பாரு" என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

'தூத்துக்குடி நிக்கும் வேணாம்' என்று வந்துகொண்டிருந்தது.

அன்புச்செல்வி கேட்டு வாங்கி அந்த போனில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆட்களின் சொந்தப் பெயரே அதில் கிடையாது. 'சேலம் மாவு உடனே எறக்குவாரு.' 'திருப்பூர் நூல் ரெண்டு நாளு.' 'ஓசூர் பாட்டில் நல்ல மனுசன்.' 'ஈரோடு மஞ்சள் மழைன்னா எறக்கமாட்டான்.' எண்பது, தொண்ணூறு பேர். எந்த ஊர், என்ன சரக்கு, எவ்வளவு நேரம் என்று எல்லாம் ஒரே வரியில் இருந்தது.

"இப்படிப் பேரு வெக்கணும்னு யாருங்கக்கா சொன்னது?"

"யாரு சொல்லுவா? ரெண்டு வாட்டி மாட்டிக்கினா தானா வருது" என்றார் வீரம்மாள், கை நிறுத்தாமல் மல்லாட்டையை உடைத்தபடி.

மறுநாள் அதே தெருவிலும் அடுத்த ஊரிலுமாக இன்னும் ஐந்து வீடுகளுக்குப் போனாள். அதில் மூன்று வீட்டில் லோடு பார்ப்பது மனைவிதான். ஒரு வீட்டில் அப்பா. ஒருவர் மட்டும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லாரும் வீரம்மாளைப் போலப் பெயர் வைத்திருக்கவில்லை. ஆனால் எல்லாருமே முதலில் சொன்னது வண்டி எங்கே காலியாகிறது என்பதை; முதலில் கேட்டது அங்கே போனால் நிற்குமா என்பதை.

மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். நாற்பத்திரண்டு பக்க அறிக்கையில் உண்மையிலேயே வேலை செய்தது எது? கேள்வித்தாளா? இல்லை. முழுப் பட்டியலா? கல்லூரிக்கு அது வேண்டியிருந்தது; மணிக்கு மணி மாறும் லோடுக்கு வேண்டாம். அறிக்கையா? பெரியசாமி படிக்கவே மாட்டார். அப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் இரண்டு மட்டும் மிஞ்சியது. நாம் ஒரு பெயர் வைப்பதற்கு முன்னால், அந்த ஆட்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்று காதால் கேட்பது. கட்டி முடிப்பதற்கு முன்னால், அதை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. இந்த இரண்டையும் மட்டும் எதற்காகவும் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத்தாளில் புதுத் தளத்தை வரைந்தாள். மெனு கிடையாது. முதல் பக்கத்தில் ஒரே கேள்வி: 'வண்டி எங்கே காலியா இருக்கு?' ஊரைச் சொன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்து லோடுகள் வரும். ஒவ்வொரு லோடுக்கும் ஒரே வரி: என்ன சரக்கு, எந்த ஊருக்கு, இறக்க எத்தனை மணி நேரம் ஆகும்.

பெரியசாமி அதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா இது, மொட்டையா இருக்குது? லோடு குடுக்கற என் பார்ட்டிங்க பேரு எங்க? லாரி படம் ஓடணும்னு சொன்னனே? அதுவுமில்லாம எறக்கற நேரத்தப் போட்டா பார்ட்டி கோச்சுக்க மாட்டானா? என் தொழிலையே கவுத்துடுவ போலக்குதே!"

அன்புச்செல்வி வாதாடவில்லை. "ஐயா, நீங்க கேட்ட மாதிரியும் ஒண்ணு கட்டி வெச்சிருக்கறோம். மாவட்டம், கம்பெனி பேரு, படம், எல்லாம் அதுல இருக்குது. நாளைக்கு உங்க ஆபீசுலயே ரெண்டையும் வெச்சுப் பாக்கலாம். உங்க லாரிக்காரங்க வீட்டுல இருந்து ஒருத்தரக் கூட்டிக்கினு வர்றேன். அவங்க எத எடுக்கறாங்களோ அதையே போட்டுடலாம். உங்களுது ஜெயிச்சா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

கூட்டிவர நினைத்த வீரம்மாள் எதை எடுப்பார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது.

மறுநாள் காலை பதினோரு மணி. புக்கிங் ஆபீசில் பெரியசாமி மேஜைக்குப் பின்னால், சித்தார்த்தன் ஓரத்தில், நடுவில் வீரம்மாள். அன்புச்செல்வி முதலில் பெரியசாமி கேட்ட தளத்தைத்தான் போனில் திறந்து கொடுத்தாள்.

"அக்கா, முருகையன் அண்ணன் ஓசூர்ல லோடு எறக்கிட்டாரு. வண்டி காலி. இதுல பாத்து ரிட்டன் லோடு புடிங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."

வீரம்மாள் தட்டினார். லாரிப் படம் ஓடி முடியும்வரை காத்திருந்தார். மாவட்டப் பட்டியல் வந்தது. ஓசூரைத் தேடினார், இல்லை. ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று நினைவு வந்து அதைத் தட்டினார். ஆறு வண்டி வகை வந்தது. ஈச்சரைத் தட்டினார். இருபது கம்பெனிப் பெயர்கள், ஆங்கிலத்தில். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பெரியசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அன்புச்செல்வி கையைக் காட்டித் தடுத்தாள்.

வீரம்மாள் அந்த போனை மேஜைமேல் வைத்துவிட்டு, மடியிலிருந்த தன் சொந்த போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார்.

மேஜைமேல் பெரியசாமியின் போன் அடித்தது.

அவர் போனைப் பார்த்தார், எதிரில் உட்கார்ந்திருந்த வீரம்மாளைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் எடுத்து, "அலோ" என்றும் சொல்லிவிட்டார்.

"ஓசூர்ல வண்டி காலியா நிக்குதுங்க. எதுனா லோடு இருக்குதா?" என்றார் வீரம்மாள். விளையாட்டுக்குச் சொன்னதுபோல முகத்தில் ஒன்றும் இல்லை. லோடு பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார்.

சித்தார்த்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே ரோட்டைப் பார்த்தார். பெரியசாமி போனை மெதுவாகக் கீழே வைத்தார். "சரி, அந்த இன்னொண்ணயும் குடு" என்றார்.

இரண்டாவது பக்கத்தில் வீரம்மாள் 'ஓசூர்' என்று எழுதினார். நாலு லோடு வந்தது; அவற்றுக்கான நேரத்தை வீடு வீடாகக் கேட்டதை வைத்து அன்புச்செல்வியே போட்டிருந்தாள். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி மூன்றாவதில் நிறுத்தினார். "இது. அஞ்சு மணி நேரத்துல எறக்கிடுவாங்கன்னு போட்டுருக்குது. நெசமாங்க?"

"நெசந்தான்" என்றார் பெரியசாமி, தன்னையறியாமல்.

இறக்கும் நேரத்தைப் போட அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: எந்தப் பார்ட்டியின் லோடுக்கும் நேராக 'லேட்' என்றோ சிவப்பு நிறத்திலோ எதுவும் வரக்கூடாது, மணிக்கணக்கு மட்டும் போதும். அன்புச்செல்விக்கும் அது நியாயமாகவே பட்டது. பதினோராம் நாள், ஒரு நாள் தாமதமாகத் தளம் வெளியானது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் வாரம் முழுக்க அந்த மணிக்கணக்கு வரவேண்டிய இடம் காலியாகவே கிடந்தது. புக்கிங் ஆபீசில் லோடு பதிகிறவருக்கு அதை நிரப்ப நேரமும் இல்லை, தெரியவும் இல்லை. வீரம்மாளே போன் பண்ணி, "இன்னாம்மா, அந்த எடம் வெறுமனவே இருக்குது? மறுபடியும் நான் புக்கிங் ஆபீசுக்கே போன் பண்ணிக்கினு இருக்கறேன்" என்றார். பத்து நாள் அவசரத்தில், அந்தத் தகவலை யார் தருவார்கள் என்று தான் யோசிக்காமல் விட்டது அன்புச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. தப்பு தன்னுடையதுதான் என்று சித்தார்த்தனிடம் ஒளிக்காமல் சொன்னாள். மறுபடியும் விக்கிரவாண்டிக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் லாரிக்காரர் வீட்டுக்கு இரண்டு வாட்ஸ்அப் கேள்வி போகும்படி மாற்றச் சொன்னாள்: 'வண்டி போய்ச் சேந்துச்சா?', 'சரக்கு எறக்கியாச்சா?' அந்தந்த நேரத்தில் ஆமாம் என்று அழுத்தினால் போதும், எத்தனை மணி நேரம் என்பதைத் தளமே எழுதிக்கொள்ளும். அடுத்த மாதத்துக்குள் முக்கால்வாசி லோடுகளுக்கு நேரம் வந்துவிட்டது. அதைவிட வேடிக்கை, திருப்பூர்ப் பார்ட்டி ஒருவர் பெரியசாமியைக் கூப்பிட்டு, தன் லோடுக்கு நேராக ஐம்பது மணி நேரம் என்று இருப்பதால் வண்டியே வருவதில்லை, என்ன செய்தால் குறையும் என்று கேட்டார். "சீக்கிரம் எறக்குனா குறையும்" என்றாராம் பெரியசாமி.

சித்தார்த்தனுக்கு இதில் ஏக சந்தோஷம். அந்த வாரமே திண்டிவனத்தில் மூன்று கட்டிடங்களோடு இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் வேலை வந்தது.

"இனிமே எல்லாமே லாரி மாதிரிதான் அன்பு. அறிக்கை கெடையாது, பட்டியல் கெடையாது. ஒரு டீக்கடை, இருபது சீட்டு, பத்து நாளு. நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதீங்க சார்" என்றாள் அன்புச்செல்வி.

"ஏன்? நீதான இந்த வழியக் கண்டுபுடிச்ச?"

"லாரிக்கு அது சரி சார். லோடு மணிக்கு மணி மாறுது, அதனால பட்டியல் வேணாம். ஆஸ்பத்திரியில டாக்டரும் டிபார்ட்மெண்டும் அப்படி மாறாது. எல்லாத்தையும் ஒண்ணு விடாம எழுதியாவணும். அங்க வர்றவங்க ஒரே மாதிரி ஆளுங்களும் இல்ல. நோயாளி வேற, கூட வர்றவங்க வேற, ஊர்ல இருந்து போன்ல கேக்கறவங்க வேற. லாரியில நான் ஒண்ண விட்டுட்டேன், ஒரு வாரம் வண்டிக்காரங்க பேஜாருபட்டாங்க, சரி பண்ணிட்டோம். இங்க ஒருத்தரு டயாலிசிஸுக்குப் போவ வேண்டிய எடத்துல வேற கட்டிடத்துல போய் நின்னுக்கினு இருந்தா? அத அப்புறமா சரி பண்ண முடியாது."

"அப்ப மறுபடியும் நாப்பத்திரண்டு பக்கமா?"

"பக்கம் ரெண்டு போதும். ஆனா ஆறு வாரம் வேணும்."

"நாலு."

"அஞ்சு சார். அதுக்குக் கொறைஞ்சா நான் பொறுப்பு எடுத்துக்க மாட்டேன்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே பெண் எல்லா வேலைக்கும் ஒரே வரிசை வைத்திருந்தவள் என்று சித்தார்த்தன் நினைத்திருக்கக்கூடும். போனை எடுத்து மருத்துவமனை மேலாளரைக் கூப்பிட்டு, "அஞ்சு வாரம் ஆகுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அன்புச்செல்வி மருத்துவமனையின் விசாரணை கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதல் இரண்டு நாளும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை, காதில் விழுவதை மட்டும் எழுதுவது என்று திட்டம். ஆனால் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் அவளை ஆஸ்பத்திரி ஊழியர் என்றே நினைத்துக்கொண்டு, ஒரு கையில் பையும் மறு கையில் கசங்கிய காகிதமுமாக ஒரு நடுவயதுக்காரர் அவளிடமே வந்தார்.

"ஏம்மா, தலைய ஸ்கேனு எடுக்கச் சொன்னாங்க. இந்தச் சீட்ட யாருகிட்ட குடுக்கறது?"

அன்புச்செல்விக்கும் தெரியாது. எழுந்து அவரோடு கூடவே தேடிப் போனாள். இரண்டாவது கட்டிடத்தில் இடத்தைக் கண்டுபிடித்து அவரை வரிசையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, நோட்டின் முதல் பக்கத்தில் அவர் கேட்டதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக்கொண்டாள்.